கிருஷ்ணகிரியில் ‘தி டிவிஷன் பெல்’: இரட்டை இசைத்தட்டை வாங்கி, வைத்து, கேட்கும் முறை

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்தை இசைத்தட்டில் வாங்க நினைப்பவர், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆல்பத்தின் நீளம் 66 நிமிடத்துக்குச் சற்று அதிகம். 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில், ஒலி குன்றாமல் ஒரு பக்கத்தில் வெட்டக்கூடிய இசை ஏறத்தாழ 20 முதல் 22 நிமிடம் வரைதான். அதற்கு மேல் திணித்தால் முள் ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டுவதற்கு ஒலியின் அளவையும் பேஸ் எனப்படும் அடித்தொனியின் வீச்சையும் குறைக்க வேண்டும். ஒலி குறைந்தால் தட்டுக்கே உரிய இரைச்சல் முன்னால் வந்து நிற்கும். ஆல்பம் வெளியான 1994-இல் சிடியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. எல்பி எனப்படும் இந்த இசைத்தட்டை வாங்குபவர்கள் அருகிவிட்ட அந்த நாளில், 11 பாடல்களையும் ஒரே தட்டில் அடக்குவதற்காகப் பாடல்களைச் சுருக்கித்தான் அதை வெளியிட்டார்கள். ஆகவே, முதல் பதிப்பு என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து 1994-ஆம் ஆண்டுத் தட்டை வாங்குபவருக்குக் கிடைப்பது குறைப்பட்ட ஆல்பம்தான்.

கேட்பதற்காக வாங்குபவர் தேட வேண்டியது 20-ஆம் ஆண்டை ஒட்டி 2014-இல் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்பு. இதில்தான் பாடல்கள் முழு நீளத்தில் இருக்கின்றன. மூல அனலாக் நாடாக்களிலிருந்து இதற்கான மாஸ்டரிங்கை, அதாவது தட்டு அச்சாவதற்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பைச் செய்தவர் டக் சாக்ஸ். அந்தத் துறையில் பழம்பெரும் கை, மறு ஆண்டே காலமானார். 2019-இல் 25-ஆம் ஆண்டுக்காக ஒளி ஊடுருவும் நீல நிறத்தில் மீண்டும் ஓர் இரட்டைத் தட்டு வந்தது. பழைய 1994 அமெரிக்கப் பதிப்பும் நீலநிறம்தான் என்பதால், பயன்படுத்திய தட்டுகளை விற்பவரிடம் “நீலமா, கறுப்பா” என்று கேட்பது போதாது. “ஒரு தட்டா, இரண்டு தட்டா” என்றே கேட்க வேண்டும். உறையின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, தட்டின் மையக் காகிதத்தையும், கடைசிப் பாடலுக்கும் அந்தக் காகிதத்துக்கும் இடையிலுள்ள வெறும் வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எண்ணையும் படம் எடுத்து அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நலம். பல ஆண்டுகள் அரிதாகவும் விலை உயர்ந்தும் இருந்த எந்த ஆல்பத்துக்கும் கள்ள அச்சு முளைப்பது இயல்பு. அந்த எண்தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ்.

இத்தனை சிரமத்துக்கு இந்த ஆல்பம் தகுமா என்று கேட்கலாம். ரோஜர் வாட்டர்ஸ் குழுவிலிருந்து 1985-இலேயே விலகிவிட்டார். எஞ்சிய டேவிட் கில்மோர், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவர் உருவாக்கிய ஆல்பம் இது. வெளியானபோது விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். மக்கள் இரண்டுபடவில்லை, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடத்தைப் பிடித்தது. தேம்ஸ் நதியில் நிற்கும் ‘அஸ்டோரியா’ என்ற கில்மோரின் படகு ஸ்டூடியோவில் பெரும்பகுதி உருவான இதன் ஒலியில், ஒரு நீண்ட மாலைப்பொழுதின் விசாலம் இருக்கிறது. நான் முதலில் கேட்டது பெங்களூரில் ஒரு நண்பரின் அறையில், தேய்ந்துபோன கேசட்டில். பிறகு சிடி, பிறகு கைப்பேசி. மெல்ல எழும் ஓசைகளும், இடையிடையே விடப்பட்ட மௌனமும் நிறைந்த ஆல்பம் இது என்பது தட்டில் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது. மௌனம் நிறைந்த ஆல்பம் என்பதாலேயே தூசி, அதிர்வு, மின் இரைச்சல் ஆகிய எதையும் இது மன்னிப்பதில்லை. கீழே வரும் எல்லா யோசனைகளும் அந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

தட்டு ஊர் வந்து சேர்வது

நம் ஊரில் இறக்குமதித் தட்டுகளை அடுக்கி விற்கும் கடையை நான் பார்த்ததில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்கு நேரில் சென்று, உறையைப் பிரித்துத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குவதுதான் முதல் வழி. ஓசூர்க்காரர்களுக்கு இது இன்னும் எளிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தட்டு வாசலுக்கு வந்த பிறகு தொகையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

கூரியரில் வாங்குவதாக இருந்தால் மார்ச் முதல் ஜூன் பாதி வரை வாங்காதீர்கள். தட்டு செய்யப்படும் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இளகி வளையத் தொடங்கும். நம் மாவட்டத்தின் மே மாத வெயிலில், மூடிய காருக்குள் முன்கண்ணாடிக்கு அடியில் அந்தச் சூடு எளிதாக எட்டிவிடும். நான் முதலில் வாங்கிய இரட்டைத் தட்டு இப்படித்தான் கெட்டது. அலுவலகத்தில் இருந்த எனக்கு “பார்சல் வெச்சிட்டேன் சார்” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. மாலையில் வீடு திரும்பியபோது பொதி வாசலில் நிறுத்தியிருந்த இரு சக்கர வண்டியின் இருக்கை மேல், மேற்கு வெயிலைப் பார்த்தபடி கிடந்தது. முதல் தட்டு அப்பளம் போல ஒரு பக்கம் தூக்கியிருந்தது. சுற்றவிட்டபோது முள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கியது. ஏறும்போது சுருதி ஒரு பக்கம், இறங்கும்போது மறு பக்கம். கனத்த புத்தகங்களுக்கு அடியில் இரண்டு மாதம் வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போன்ற வைத்தியங்களைச் சொல்பவர்கள் உண்டு. பள்ளங்களின் நுண்மையை நினைத்தால் அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஆகவே மூன்று செய்திகளை விற்பவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். தட்டுகளை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் ஏற்படும் குலுக்கலில் தட்டின் விளிம்பே உறையின் தையலைக் கிழித்துவிடும். இரண்டு புறமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்லுங்கள். பொதியைக் கூரியர் அலுவலகத்திலேயே வைத்திருக்குமாறு குறிப்பெழுதச் சொல்லி, நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பொதியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வைத்திருந்தால், குறை இருந்தால் திருப்பி அனுப்பும் பேச்சு எளிதில் முடியும்.

கல்லிலிருந்து தொடங்குங்கள்

தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவியான டர்ன்டேபிளை வாங்குவதற்கு முன்பே அதை எதன் மேல் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முள் என்பது அதிர்வை அளக்கும் கருவி. பள்ளத்தின் அதிர்வு எது, தரையின் அதிர்வு எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பெங்களூர், சென்னை, சேலம் என மூன்று திசைகளிலும் இரவு பகலாக லாரி ஓடும் ஊர் நம்முடையது. நெடுஞ்சாலைக்கு அருகில் வீடு இருந்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நடுக்கம் மேசைக்கும் வரும், மேசையிலிருந்து முள்ளுக்கும் வரும்.

இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் பெருந்தொகை கொடுத்துத் தனி மேடை வாங்குகிறார்கள். கிரானைட்டுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரியில் நாம் அப்படிச் செய்தால் ஊரார் சிரிப்பார்கள். எந்தப் பாலிஷ் பட்டறைக்குப் போனாலும், சமையல் மேடைக்கு வெட்டியது போக மீந்த துண்டுகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் உள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 11 கிலோ எடை வரும். பெரும்பாலான டர்ன்டேபிள்களுக்கு இந்த அளவு போதும். உங்கள் கருவியின் கால்கள் நான்கும் கல்லுக்குள் அடங்க வேண்டும் என்பதால் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் போன பட்டறையில் அறுப்பு இயந்திரத்தின் அருகில் நின்றிருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “எந்தச் சாமிக்குங்க சார் பீடம்?” என்று கேட்டார். “பாட்டுப் பொட்டிக்குண்ணா” என்றேன். “அதுக்கு விளிம்ப உருட்டிக் குடுத்துடறேன், கையில படாது” என்று சொல்லி, அரை மணி நேரத்தில் விளிம்பை மழுக்கி, மேல்முகத்துக்கு மறுபடி ஒரு பாலிஷும் போட்டுக் கொடுத்தார்.

கல்லை மேசையின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. விரலின் கணுவால் தட்டிப் பாருங்கள். தனிக் கல் மெலிதாக ‘டிங்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி முள்ளுக்கும் கேட்கும். வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் கெட்டி ரப்பர்த் துண்டுகள் நான்கை மூலைகளிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்து, அவற்றின் மேல் கல்லை அமர்த்தினால் ஒலி ‘டொக்’ என்று மட்டுப்படும். பிறகு ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, சாய்வு இருந்தால் ரப்பருக்கு அடியில் மெல்லிய அட்டையைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஸ்பீக்கர்களை அதே மேசையின் மேல் வைப்பது பலர் செய்யும் பிழை. பேஸ் ஒலி மேசை வழியாக முள்ளுக்குத் திரும்பி வந்து ஒரு முழக்கமாகப் பெருகும். எல்லாம் முடிந்ததும், தட்டைச் சுற்றவிடாமல் அதன் மேல் முள்ளை இறக்கி, ஒலியைப் பாதிக்கு உயர்த்தி, மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் அது பலமாகக் கேட்டால் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள்.

முள்ளின் எடையும் சுற்றின் வேகமும்

டர்ன்டேபிளைப் பற்றி இணையத்தில் கொட்டிக்கிடப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லும் மலிவான கருவிகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் முள்ளின் அழுத்தம் பல சமயம் 5 கிராம் வரை இருக்கும், அதைச் சரிசெய்ய முள்ளைத் தாங்கும் கையின் பின்முனையில் இருக்க வேண்டிய எதிர் எடையும் இருக்காது. எதுவும் சரிசெய்யத் தெரியாது, தொந்தரவு வேண்டாம் என்பவர்களுக்கு ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற தானியங்கிக் கருவி போதும். கை வைத்துச் சரிசெய்ய விரும்புபவர்கள், எதிர் எடையும், முள் மையத்தை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் திருகும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கருவியில் போனோ ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்தும் கீச்சொலியை உயர்த்தியும் வெட்டுகிறார்கள். அதை நேராக்கித் தருவது இந்த ப்ரீ-ஆம்ப்தான். அது இல்லாமல் வீட்டிலிருக்கும் ஹோம் தியேட்டரின் சாதாரண உள்ளீட்டில் செருகினால், கில்மோரின் கிடார் கொசு பாடுவது போலக் கேட்கும்.

எதிர் எடையைப் பொருத்துவது பலருக்கும் அச்சம் தருகிறது. பத்து நிமிட வேலைதான். முதலில் ஆன்ட்டி-ஸ்கேட்டிங் திருகைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள்ளின் உறையைக் கழற்றி, கருவியின் கையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, தட்டுக்கு வெளியே பிடித்தபடி பின்னாலிருக்கும் எதிர் எடையை மெல்லத் திருகுங்கள். ஒரு கட்டத்தில் கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல், எடைபோட்டு முடித்த தராசு முள்ளைப் போல அந்தரத்தில் நிற்கும். அப்போது கையைத் தாங்கியில் பூட்டிவிட்டு, எதிர் எடையை அசைக்காமல் அதன் முன்னாலுள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இனி இரண்டையும் சேர்த்துத் திருகி, முள் பொருத்தப்பட்ட சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜுக்கு உரிய கிராமில் நிறுத்த வேண்டும். பரவலாகக் கிடைக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 1.8 முதல் 2.2 கிராம் வரை, பொதுவாக 2 கிராம். ஆன்ட்டி-ஸ்கேட்டிங் திருகையும் அதே எண்ணுக்குத் திருப்புங்கள். குறைவான எடை தட்டைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை தவறு. எடை போதாத முள் பள்ளத்தில் ஒட்டி ஓடாமல் சுவரில் மோதி மோதி அதைச் சேதப்படுத்தும். இத்தகைய நீள்வட்ட முனை முள்ளுக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் ஆயுள் என்று சொல்கிறார்கள். இந்த ஓர் ஆல்பத்தை மட்டுமே கேட்டால் 270 முறை.

வேகத்தைச் சோதிக்கச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. 33⅓ சுற்று என்பது மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. தட்டின் மையக் காகிதத்தின் மேல் சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்து, கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு எண்ணுங்கள். நூறாவது சுற்று மூன்றாவது நிமிடத்தில் முடிந்தால் வேகம் சரி. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய அமெரிக்கக் கருவி என்றால் இந்தச் சோதனை கட்டாயம் தேவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும், ஆனால் மின்னலையின் எண்ணிக்கையைப் பார்த்து ஓடும் பழைய மோட்டார் நம் ஊரில் 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகவே சுற்றும். கில்மோரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் காரணம் இதுதான்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் இரண்டு குறிப்புகள். கருவியின் பின்புறத்தில் மெல்லிய எர்த் வயர் ஒன்று இருந்தால், அதை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் ‘ம்ம்ம்’ என்ற ஓயாத முனகல் கேட்கும். இணைத்த பிறகும் முனகல் ஓயாவிட்டால், வீட்டின் மூன்று துளை பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பல சமயம் அலங்காரத்துக்கு மட்டுமே இருக்கும். இரண்டாவது குறிப்பு மின்தடை பற்றியது. பாட்டின் நடுவில் கரண்ட் போனால் தட்டு மெல்ல நிற்கும், முள் பள்ளத்திலேயே கிடக்கும். முதல் வேலையாக நெம்புகோலைத் தூக்கி முள்ளை மேலேற்றிவிடுங்கள். கரண்ட் வந்ததும் பாடட்டும் என்று அப்படியே விட்டுப் போகக் கூடாது. சைன் அலை தராத பழைய வகை இன்வெர்ட்டரில் கேட்டால் ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரீங்காரம் சேரக்கூடும். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தட்டை எடுக்காமல் இருப்பதே என் வழக்கம்.

தூசியும் இருப்பிடமும்

செம்மண் புழுதியும் கல் அறுக்கும் தூசியும் கலந்த காற்று நமக்கு. கல் தூசி மென்மையானதன்று. பள்ளத்தில் விழுந்த ஒரு துகளின் மேல் முள் ஏறினால் அது தட்டை அரைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் போடுவதற்கு முன் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைச் சுற்றும் தட்டின் மேல் மெல்ல வைத்து, இரண்டு சுற்றுக்குப் பின் வெளிப்பக்கமாக வழித்தெடுங்கள். துண்டு, வேட்டி நுனி, கண்ணாடி துடைக்கும் துணி எதுவும் வேண்டாம். பழைய தட்டாக வாங்கியிருந்தால் ஈரத்தால் கழுவ வேண்டியிருக்கும். அதற்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ உதவாது. நம் பகுதியின் உப்புத் தண்ணீர் காய்ந்ததும் பள்ளத்தில் வெள்ளைப் படிவத்தை விட்டுச் செல்லும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி, அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு சொட்டுக் கலக்காத டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடையுங்கள். பேட்டரிக் கடையில் வாங்கும்போது ஆசிட் கேனைத் தூக்கி வந்துவிடாதீர்கள். மையக் காகிதம் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் வீட்டில் இருந்தால், அவற்றின் அருகில் ஆல்கஹால் கலந்த எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போடும் வீடுகளில் கருவியின் கண்ணாடி மூடியை முன்னதாகவே இறக்கிவிடுங்கள். புகையின் எண்ணெய்ப் பிசுக்கு தட்டில் படிந்தால் அதன் மேல் தூசி ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சிறு தகராறே நடந்து, இப்போது கருவி பூஜை அறையிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாறிவிட்டது.

தட்டுகளை நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும், சாய்த்து நிறுத்தினாலும் நாளடைவில் வளையும். உறையின் பக்கம் ஏறத்தாழ 31.5 செ.மீ. என்பதால், அதைவிட அகலமான உட்புறமுள்ள எதுவும் உதவும். மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குக் காய் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் பெரும்பாலும் இந்த அளவுக்கு ஒத்துவரும். நான் வைத்திருப்பது அதுதான், அளந்து பார்த்து வாங்கினேன். மேற்குச் சுவரையும், தகரக் கூரைக்குக் கீழான பரணையும் தவிருங்கள். தட்டோடு வரும் காகித உள்ளுறை தட்டைக் கீறினால், உட்புறம் பிளாஸ்டிக் ஒட்டிய உறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு பக்கங்களையும் கேட்பது

இரட்டைத் தட்டில் முதல் பக்கம் ‘க்ளஸ்டர் ஒன்’ பாடலில் தொடங்குகிறது. முள் இறங்கியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் சடசடப்பும் முணுமுணுப்பும்தான் கேட்கும். பதறிப்போய்த் தட்டை எடுத்துத் துடைக்காதீர்கள், அது பதிவிலேயே இருக்கும் ஓசை. தட்டின் உண்மையான குறையை அதிலிருந்து பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.8 வினாடி. ‘டிக்’ என்ற ஒலி சரியாக 1.8 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல்; ஒழுங்கின்றி எப்போதாவது வந்தால் தூசி. அந்த ஓசைக்குள்ளிருந்து ரைட்டின் பியானோ மெல்ல மேலெழுவதைக் கேட்கும்போது, கல்லுக்கும் ரப்பருக்கும் பட்ட பாடு வீண்போகவில்லை என்று தோன்றும்.

இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ‘மரூண்ட்’ சொற்களற்ற பாடல். சிறந்த ராக் வாத்திய இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. கில்மோர் ஒரு சுரத்தை நீட்டி வளைத்து மேலேற்றும் இடங்களில் சுருதி நடுங்கினால், தட்டு வளைந்திருக்கிறது அல்லது நடுத்துளை மையத்திலிருந்து விலகியிருக்கிறது என்று அறியலாம். நம் காதுக்குக் கமகம் பழகிப்போனதால் இந்த நடுக்கத்தை நாம் சட்டென்று பிடித்துவிடுவோம் என்பது என் எண்ணம். அதே பக்கத்தை முடித்துவைக்கும் ‘வேரிங் தி இன்சைடு அவுட்’ ரைட் பாடியது. டிக் பாரியின் சாக்ஸஃபோன் அதில் மூச்சுக்காற்றோடு கேட்க வேண்டும். மூச்சு கேட்காமல் வெறும் சுரம் மட்டும் கேட்டால் முள்ளில் தூசி உருண்டை சேர்ந்திருக்கும். சிறு பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாக ஒரு முறை துடையுங்கள், பக்கவாட்டில் துடைக்க வேண்டாம்.

மூன்றாம் பக்கம் நான்கில் நீளமானது, 18 நிமிடத்துக்கு மேல். அதன் கடைசிப் பாடலான ‘கீப் டாக்கிங்’கில் ஸ்டீபன் ஹாக்கிங்கின் இயந்திரக் குரல் வருகிறது, ஒரு தொலைபேசி நிறுவன விளம்பரத்திலிருந்து எடுத்தது. தட்டின் விளிம்பில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கும் பள்ளம், மையக் காகிதத்தை நெருங்கும்போது வினாடிக்கு 20 செ.மீ. சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைக் குறுகிய இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், கடைசிப் பாடல்களில்தான் ‘ஸ்’ ஒலிகள் கரகரக்கும். இந்தப் பாடலில் அப்படிக் கேட்டால் கார்ட்ரிட்ஜ் சற்றுத் திரும்பி அமர்ந்திருக்கிறது. கருவியோடு வரும் அளவு அட்டையை வைத்து, இரண்டு திருகுகளையும் தளர்த்தி, அதன் முகத்தை அட்டையின் கோடுகளுக்கு இணையாக்குங்கள்.

நான்காம் பக்கத்தில் இரண்டே பாடல்கள், 14 நிமிடத்துக்கும் குறைவு. ஒற்றைத் தட்டுப் பதிப்பில் நெரிசலான பள்ளங்களின் கடைசியில் சிக்கியிருந்த ‘ஹை ஹோப்ஸ்’, இங்கே இடம் விட்டு வெட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பாடலுக்காக மட்டும் இரட்டைத் தட்டை வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடியும் பாட்டு. ஆல்பத்தின் தலைப்பிலுள்ள மணி வேறு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களை வாக்களிக்க அழைக்க அடிப்பது. அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். லண்டன் குழுவின் மணியை நம் ஊர் லண்டன்பேட்டைக்கு இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து கேட்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சியும் உண்டு.

இந்தப் பக்கத்தை இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். மணியை அடித்த ஓசை முடிந்து அதன் கார்வை தேயும் இடத்தைக் கவனித்தால், தரையின் உறுமலோ மின் முனகலோ மிச்சமிருந்தால் அங்கே தெரிந்துவிடும். கிடாரின் நீண்ட பகுதி அடங்கி, மணி தூரமாகி, பாட்டு ஓய்ந்ததும் முள்ளைத் தூக்கக் கையை நீட்டாதீர்கள். சில வினாடி அமைதிக்குப் பிறகு மிக மெல்லிய ஒலியில் ஒரு தொலைபேசி உரையாடல் இந்த ஆல்பத்தின் முடிவில் உண்டு: குழுவின் மேலாளர் ஸ்டீவ் ஓ’ரூர்க் பேச, மறுமுனையில் கில்மோரின் வளர்ப்பு மகனான சிறுவன் சார்லி இணைப்பைத் துண்டித்துவிடுகிறான். அவன் போனை வைத்த பிறகு நெம்புகோலைத் தூக்கலாம்.